அளவு தப்பிய இன்ஜின் ஸ்டாண்டு

அன்று காலை பத்து மணிக்கு என் பட்டறை வாசல் வரைக்கும் உப்பு லாரிகள் வரிசையில் நின்றன. லாரிகளைக் காதர் பாய் நிறுத்துக் கொடுக்கும் எடை மேடை அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வரிசை இவ்வளவு தூரம் வந்து நான் பார்த்ததில்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்து, கையில் இருந்த ஸ்பேனரோடு போய் ஒரு டிரைவரிடம் கேட்டேன். "மேடை தொறக்கலண்ணா. காதர் பாய் காலையில தவறிட்டாராம்" என்றான். அவனை ஏசிவிட்டேன். நேற்று சாயங்காலம்தான் பேசினேன், யாரோ எதையோ சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுவாயா என்று கத்தினேன். அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். விடியற்காலை சுபுஹு தொழுகை முடித்து வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். சந்தூக்குப் பெட்டியில் பாயைத் தூக்கும்போது நானும் தோள் கொடுத்தேன். பத்தடி கூடப் போயிருக்க மாட்டேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. பின்னால் வந்தவர் என் இடத்தை வாங்கிக்கொண்டார். அந்த இடுப்பைப் பற்றித்தான் இந்த நினைவுக் கட்டுரையில் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இறந்தவரைப் பற்றி எழுதச் சொன்னால் தன் இடுப்பைப் பற்றி எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம்.

பாயைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய கேள்விகளும் தெரிந்திருக்கும். உப்பு ராத்திரியில் காற்றிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். அதற்காக ஒரு கூடை உப்பைத் தனியாக வைத்து, சாயங்காலம் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை நிறுப்பார். நிறுத்ததை மேடைக்குப் பின்னால் இருக்கும் பழைய உப்பு குடோனின் சுவரில் பென்சிலால் எழுதுவார். மழைக்காலத்துக்குத் தனி வரிசை, வெயில் காலத்துக்குத் தனி வரிசை. இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், "ஒண்ணும் செய்யலப்பா. தெரிஞ்சுக்கிட்டேன்ல" என்பார்.

எனக்குக் கேள்வி கேட்கிறவர்களைக் கண்டால் ஆகாது. உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின்களை முப்பது வருஷமாகப் பழுது பார்க்கிறேன். இன்ஜின் ஓடவில்லை என்றால் ஓட வைக்க வேண்டும், அவ்வளவுதான்; அது ஏன் ஓடுகிறது என்று ஆராய்கிறவனுக்கு வேலை வெட்டி இல்லை என்பது என் கட்சி. பாய் என் பட்டறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் எனக்கு எரிச்சலாக வரும். அவர் வராத நாளில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழ்புத்துப்பட்டில் ஒரு பங்களா கொட்டகையை இடித்தபோது உள்ளே ஒரு பழைய கார் இருந்தது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், எங்கள் தாத்தா காலத்து வண்டி. இரும்புக் கடைக்குப் போக இருந்ததைப் பாய் வாங்கி, டிராக்டரில் கட்டி இழுத்துவந்து குடோனில் நிறுத்தினார். இன்ஜின் இறுகிப் போயிருந்தது. தரையில் சாக்கு விரியுங்கள், டயர் போடுங்கள், பிரித்துத் தருகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். சவுதியில் இருந்த காலத்தில் ஒரு பெரிய கேரேஜ் வாசலில் அவர் வாட்ச்மேனாக இருந்தவர். உள்ளே போக அனுமதி கிடையாது, கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

"அங்க எல்லாரும் நின்னுக்கிட்டே வேலை செய்றான் பா. ஒருத்தனும் குந்தல. இன்ஜினை ஒரு ஸ்டாண்டுல மாட்டிட்டு, மேல கீழன்னு எப்படி வேணுமோ திருப்பிக்கிறான். அது எப்படி ஒரு ஆளால திருப்ப முடியுதுன்னு அப்பவே யோசிச்சேன். செஞ்சு பாத்துடலாம்."

"இன்னா பாய், ஒரு இன்ஜினுக்காக ஒரு ஸ்டாண்டா?" என்றேன்.

"தெரியலன்னா நிறுத்துப் பாரு" என்றார். எதற்கும் அவர் சொல்வது அதுதான்.

அந்த நேரத்தில் என் நிலைமை எனக்கு மட்டும்தான் தெரியும். முதுகுத் தண்டில் ஒரு தட்டு விலகியிருக்கிறது, இனிமேல் குந்தி வேலை செய்தால் ஒரு நாள் எழுந்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பளத்து இன்ஜின் வேலை முழுக்கத் தரையில்தான். குந்தாமல் நான் என்ன வேலை செய்வது? ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன். பட்டறையை மூடப் போகிறேன் என்று வீட்டில்கூட மூச்சு விடவில்லை. நாலு பேர் 'ஐயோ பாவம்' என்று சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஸ்டாண்டு வேலை தொடங்கியது. இன்ஜினைச் செயின் பிளாக்கில் கட்டிக் குடோன் உத்தரத்தில் தொங்கவிட்டார். கொக்கியிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டை இறக்கி, நூல் போன வழியாக இன்ஜின் மேல் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு வேறொரு போல்ட்டில் சங்கிலியை மாற்றித் தொங்கவிட்டு இன்னொரு கோடு. இரண்டு கோடும் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டன. "இதோ, எடை இங்கதான் குந்தியிருக்குது" என்று அந்தப் புள்ளியில் விரலை வைத்தார். பக்கவாட்டில் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு குறி எடுத்தார். பக்கத்துக் குறியை வைத்து, ஸ்டாண்டு முன்னால் கவிழாமல் இருக்க அடிக்கால் எவ்வளவு தூரம் நீள வேண்டும் என்று முடிவு செய்தார். பின்பக்கக் குறிக்கு நேராகச் சுழலும் அச்சு வந்துவிட்டால் இன்ஜின் எந்தப் பக்கமும் இழுக்காது. முப்பது வருஷமாக நான் இன்ஜின் தூக்குகிறேன். எடை எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை, கனமாக இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும்.

அச்சுக்குப் பழைய டிரெய்லரின் வீல் ஹப், சக்கரம் மாட்டிச் சுழலும் குடம். அதில் நாலு கை வைத்து, இன்ஜினின் பின்பக்கம் கியர் பாக்ஸ் மாட்டும் ஓட்டைகளில் போல்ட் போட்டோம். பெரிய முதலியார்சாவடியில் ஒரு வெல்டர் தூணையும் கால்களையும் பற்றவைத்துக் கொடுத்தார். அடியில் நாலு சக்கரம். மாட்டி முடித்ததும் பாய் ஒரு விரலால் தள்ளினார். அத்தனை கனமான இன்ஜின் தலைகீழாகத் திரும்பி, விட்ட இடத்தில் நின்றது. "பரவாயில்ல பாய்" என்று மட்டும் சொன்னேன். அவர் இன்னொரு தடவை திருப்பினார், பிறகு இன்னொரு தடவை. "பிஸ்டனைக் கழட்டிட்டா இந்த எடை எங்க போய்க் குந்தும்?" என்று அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

அப்போதுதான் ஸ்டாண்டு நகர ஆரம்பித்தது. யாரும் தள்ளவில்லை. தானாகவே மெதுவாக மூலையைப் பார்த்துப் போனது. நாங்கள் இருவரும் ஒரு நொடி அதை வேடிக்கை பார்த்தோம். ஈர உப்பிலிருந்து வடிகிற தண்ணீர் போவதற்காக உப்பு குடோன் தரையை எப்போதும் மூலைச் சாக்கடையை நோக்கிச் சரிவாகத்தான் போடுவார்கள். பிறந்ததிலிருந்து அந்தத் தரையில் நடக்கிறோம், ஆனால் எங்கள் இருவருக்கும் அது சமமான தரை. தூக்குக்குண்டு பிடித்து இம்மி பிசகாமல் அளந்த மனுஷன் கீழே தரையைப் பார்க்கவில்லை.

நான் ஓடிப்போய்க் குனிந்து அடிக்காலைப் பிடித்தேன். ஸ்டாண்டு நின்றுவிட்டது. என்னால்தான் நிமிர முடியவில்லை.

பாய் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் கொடுத்தார், பிறகு என்னைப் பிடித்துச் சுவரோடு நிறுத்தினார். "எத்தனை நாளாப்பா சேகர்?" என்றார். "ஒண்ணும் இல்ல பாய், பிடிப்பு" என்றேன். என் கால்களைப் பார்த்தார். "இடது காலுக்கே எடை கொடுத்து நிக்கிறியே" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. எதையும் துருவித் துருவிக் கேட்கிற மனுஷன் அன்றைக்கு விட்டுவிட்டார். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது குடோன் கதவு நிலையோடு ஒட்டி நிற்கச் சொன்னார். "ஸ்பேனர் முடுக்குற மாதிரி கையை மடக்கு. ஆளுக்கு ஆள் முழங்கை எங்க வருதுன்னு பாக்கணும்." இது அடுத்த பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். நிலையில் பென்சிலால் எதையோ கோடு போட்டுக்கொண்டார். உப்பு குடிக்கிற தண்ணீரை எழுதுகிறவர் முழங்கையையும் எழுதிவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

தரைச் சரிவுக்காகச் சக்கரங்களை மாற்ற வேண்டும் என்று ஸ்டாண்டைக் கழற்றி வெல்டரிடம் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரும்புப் பாதம் இருந்தது. தூணும் ஒரு சாணுக்கு மேல் உயர்ந்திருந்தது. பாய் குள்ளமான ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். இன்ஜின் அவர் மார்புக்கு மேலே நின்றது. உப்பளத்திலிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் ஏறித்தான் அவரால் வேலை செய்ய முடிந்தது.

"ஊருக்கெல்லாம் எடை போடுறீங்க, உங்க ஸ்டாண்டுக்கு அளவு தெரியலையே பாய்" என்று கிண்டல் செய்தேன்.

"வெல்டர் தப்பா வெட்டிட்டான் பா. அளவு தப்பிப் போச்சு. இன்னா செய்றது" என்றார்.

தப்பாக வெட்டினால் குழாய் குட்டையாகும், நீளமாகுமா? இரும்போடு முப்பது வருஷம் கழித்த எனக்கு அது தோன்றவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் பாயின் அளவைச் சொல்லிச் சிரித்தேன். அவரும் கூடவே சிரித்தார்.

பிறகு ஒரு நாள், "உன் ஆயில் இன்ஜினை இதுல மாட்டினா தாங்குதான்னு பாக்கணும், ஒண்ணு கொண்டு வா" என்றார். அதற்கென்று தனித் தகடு செய்து வைத்திருந்தார். கார் இன்ஜினை இறக்கி ஓரமாக டயர் மேல் வைத்துவிட்டு என் இன்ஜினை மாட்டினோம். நின்றபடியே பிரித்தேன், நின்றபடியே பூட்டினேன். அன்றைக்குச் சாயங்காலம் இடுப்பு வலிக்கவில்லை. "வேற கம்பெனி இன்ஜின் எப்படி நிக்குதுன்னு தெரியலையே" என்று அடுத்த வாரமும் கேட்டார், அதற்கு அடுத்த வாரமும் கேட்டார். இரண்டு வருஷத்தில் என் கைக்கு வந்த எல்லா இன்ஜினும் அந்த ஸ்டாண்டில் ஏறி இறங்கியது. ரிசார்ட் பக்கம் நான் போகவே இல்லை. அவருடைய ஆராய்ச்சிக்கு நான் உதவி செய்துகொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இடையில் எப்போதாவது ஓய்வு கிடைத்தால்தான் கார் இன்ஜின் மேலே ஏறும். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்த அன்று மூன்றாவது சிலிண்டரில் மட்டும் துரு அப்பியிருந்தது, மற்ற மூன்றும் ஓரளவு சுத்தம். துடைத்துவிட்டு மேலே போகலாம் என்றேன். பாய் துணியைப் பிடுங்கிக்கொண்டார். பலகையில் ஏறி நின்று வால்வுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கடைசியா வண்டி நின்னப்போ இதோட காத்து இழுக்கிற வால்வு தொறந்திருந்திருக்குது பா. அது வழியா இத்தனை வருஷம் உப்புக் காத்து உள்ள போயிருக்குது. மத்த மூணுக்கும் அந்தக் கதவு சாத்தியிருந்தது" என்றார். பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. உப்பளத்து ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின்களிலும் சிலது மட்டும் இப்படித் துருப்பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன், தேய்த்துப் போட்டிருக்கிறேன். ஏன் என்று தெரிந்த பிறகு, இப்போதெல்லாம் சீசன் முடிந்து நிறுத்துகிற இன்ஜின்களை வால்வு மூடியிருக்கும் நிலையில் நிறுத்தச் சொல்கிறேன்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவர் மகள் சபீனா போன் செய்தாள். குடோனைக் காலி செய்ய வேண்டும் என்றாள். போனேன். ஸ்டாண்டில் என்னுடைய பம்ப் இன்ஜின்தான் மாட்டியிருந்தது. கார் இன்ஜின் ஓரத்தில் டயர் மேல் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஸ்டாண்டையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க மாமா" என்றாள்.

"வேணாம்மா. உங்க அத்தா ஆசையா செஞ்சது. நீங்க வச்சுக்கணும்."

"அத்தாவுக்கு அது எட்டவே எட்டாதே. பலகையில ஏறி எறங்கி முட்டி வலிக்குதுன்னு தெனமும் தைலம் தேச்சிக்குவாரு. குறைச்சுக் கட்ட வேண்டியதுதானேன்னு கேட்டேன். 'அது சேகரோட முழங்கை அளவும்மா, அவன்கிட்ட சொல்லிடாத, கோவிச்சுக்குவான்'னாரு."

நான் கதவு நிலையைப் பார்த்தேன். பென்சில் கோடு இரண்டு இருந்தன. கீழே இருந்த கோட்டில் 'நான்' என்று எழுதி அடித்திருந்தது. மேலே இருந்ததில் 'சேகர்' என்று இருந்தது. அந்தக் கதவு வழியாக இரண்டு வருஷம் நான் போய் வந்திருக்கிறேன். சபீனா முன்னால் அழக்கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை.

ஸ்டாண்டு இப்போது என் பட்டறையில் நிற்கிறது. என் இன்ஜின்களுக்கு வாரத்தில் நாலு நாள், மீதி நாளெல்லாம் பாயின் கார் இன்ஜினுக்கு. அவர் ஏறி நின்ற பலகையை எடுத்து வந்து ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். அவருடைய பொருளில் நான் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். போன வாரம் கூனிமேட்டிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரலால் இன்ஜினைத் திருப்பிப் பார்த்து அசந்துபோனார். பிறகு, "எல்லாம் சரிதான். தூண் மட்டும் ஏன் இவ்ளோ ஒசரம்? அளவு தப்பிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. அளவெடுத்துச் செஞ்சது" என்றேன்.