வாயசைப்பு நாடகம்

எனக்குப் பிடித்த ஓர் ஆஸ்திரேலிய நடிகை உண்டு. அவரை முதலில் படத்தில்தான் பார்த்தேன். மேடையில் தொடங்கி, சினிமாவுக்குப் போய், பரிசெல்லாம் வாங்கின பிறகும் மறுபடி மறுபடி மேடைக்கே திரும்புகிறவர். குழந்தை குட்டி எதுவும் அவரை நிறுத்தவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நானும் கல்யாணத்துக்கு முன் சென்னையில் நாலு நாடகம் நடித்தவள். அமெரிக்காவில் ஜெர்சி சிட்டிக்கு வந்து பதினாலு வருஷமாகக் குழந்தையை டேகேரில் விடுவது, சமையல், வேலை. இன்னும் ஒரே ஒரு தடவையாவது மேடையில் நின்று பேசிவிட வேண்டும் என்கிற ஆசை மட்டும், சனியன், விட்டுத் தொலையவில்லை.

அவர் நியூயார்க்கில் நடிக்க வந்தபோது, வீட்டில் பல் டாக்டர் என்று பொய் சொல்லிவிட்டு மதியக் காட்சிக்கு ரயிலேறினேன். கடைசி வரிசை. முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஒரு கேள்விக்குப் பதிலே சொல்லாமல் நின்றார். அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டது. அப்புறம் மெதுவாக ஒரே வார்த்தை. எனக்கு வயிற்றெரிச்சலில் அழுகை வந்தது. மறைப்பானேன்?

அந்த வருஷம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் நாடகத்தில் எனக்கு அம்மா வேஷம் கிடைத்தது. இங்கே வசனத்தை முன்னாலேயே ரெக்கார்ட் செய்துவிடுவார்கள். மேடையில் வாயசைத்தால் போதும். டைரக்டர் வீட்டு பேஸ்மென்ட்டில், எதிரொலிக்காமல் இருக்கச் சுற்றிலும் போர்வை தொங்கவிட்டு, முழு வசனத்தையும் பேசிக் கொடுத்தேன். மகன் "நீ யாரு என்னைக் கேக்க?" என்று கத்தும் இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று, மெதுவாகச் சொன்னேன்: "அம்மாடா."

ஒத்திகையில்தான் புத்தி கெட்டது. "சார், இந்த ஒரு சீனாவது லைவா பேசறேனே?" என்றேன் டைரக்டரிடம்.

"எட்டு பேருக்கு மைக்குக்கு எங்கம்மா போறது? போன வருஷமும் இப்படித்தானே பண்ணோம், யாராவது கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்களா?"

"அப்ப பொம்மைய வெச்சு ஆட்டுங்க. நான் எதுக்கு?"

காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கெஞ்சிக் கூப்பிடுவார்கள் என்று நினைப்பு. ஒருத்தரும் கூப்பிடவில்லை. குரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தது எனக்கு உறைக்கவும் இல்லை.

பொங்கல் விழாவில் மகளோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரை விலகியது. என் குரலுக்கு வேறொரு பெண் வாயசைத்தாள். அந்த மௌனம் வந்தபோது கண்ணில் நீர் தளும்ப நின்றாள். "அம்மாடா." கைதட்டல் ஓயவே இல்லை.

"அம்மா, தட்ஸ் யுவர் வாய்ஸ்! ஒய் ஆர் யூ சிட்டிங் ஹியர்?" என்றாள் மகள்.

"சும்மா இரு" என்று அவள் தொடையைக் கிள்ளினேன்.

சாப்பாட்டு வரிசையில் ஒரு ஆன்ட்டி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன குரல்டி உனக்கு!" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. என் சர்க்கரைப் பொங்கலை மகள் தட்டில் தள்ளினேன்.

அடுத்த வருஷம் டைரக்டர் போன் செய்தார். "பழசெல்லாம் மறந்துடுங்கம்மா. இந்தத் தடவையும் அம்மா கேரக்டர் இருக்கு. ஸ்டேஜுக்கு அந்தப் பொண்ணையே போட்டாச்சு. நீங்க வாய்ஸ் குடுத்தா போதும்."

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் வாயெடுத்தேன்.

"எத்தனை மணிக்கு சார் வரணும்?" என்றேன்.