கன்றோடு வந்தால்தான் பிரியாணி

போன மாதம் ஒரு காலை. எங்கள் வீட்டு பால்கனியில் என் மனைவி வாளித் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து, நாக்கில் வைத்து ருசி பார்த்து, ஒரு செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கடல் அளவுக்கு உப்பு ஏறலீங்க... இன்னொரு கை போடட்டுமா?"

எல்லாம் நண்பர் ஜாபர் செய்த வேலை! சிங்கப்பூரில் சம்பாதித்துவிட்டு வந்து பரங்கிப்பேட்டையில் கடை வைத்திருப்பவர். சிதம்பரத்தில் மகள் நிக்காஹ். இப்போது கல்யாணத்துக்குக் கல்யாணம் மரக்கன்று கொடுக்கிறார்களே... இவர் ஒரு படி மேலே போய், பிச்சாவரம் காட்டில் வளருமே சுரபுன்னை, அந்தக் கன்றையே ஆளுக்கொரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஏன் அது?

"சுனாமியப்போ இந்தப் பக்கத்து ஊருங்கள காப்பாத்துனது அந்தக் காடுதான் மச்சான். காத்துல இருக்குற கார்பனையும் ஜாஸ்தியா இழுத்து சேத்துல பூட்டி வெக்கிதாம். எம் பொண்ணு பேருல ஒரு துண்டுக் காடாவது நிக்கணும்."

நல்ல ஆசைதான். ஆனால் அலை ஏறி இறங்கும் சேற்றில் வளர்கிற செடியை அபார்ட்மென்ட்காரன் எங்கே நடுவான்?

மாப்பிள்ளையின் அப்பா, அதாவது ஜாபரின் கடலூர் சம்பந்தி, கல்யாண மண்டபத்திலேயே சொல்லிவிட்டார்: "தேங்கா குடுத்திருந்தா சட்னியாவது அரைச்சிருக்கலாம்." எல்லோரும் சிரித்தோம். ஜாபர் முகம் சுருங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது.

வீட்டுக்கு வீடு கன்றுகள் வாட ஆரம்பித்தன. மனிதர் அசரவில்லையே! மறுவீட்டு விருந்தைப் பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளை ஊர்ப் பக்கம் உப்பங்கழிக் கரைக்கு மாற்றினார். நடுவதற்கு அனுமதியும் வாங்கிவிட்டார். வாட்ஸ்அப்பில் ஒரே வரி - 'கன்றோடு வந்தால்தான் பிரியாணி.'

வராமல் இருப்போமா? பஸ்ஸில், பைக்கில், மடியில் கன்றோடு வந்து இறங்கியது கூட்டம். ஒருவருடைய கன்று செத்தே போய்விட்டது. மனுஷன் நர்சரியில் ஒரு கறிவேப்பிலைச் செடியை வாங்கி நீட்டுகிறார்!

"இதுவும் செடிதான மாமா..."

"வுடுங்கப்பா, பசியோட வந்துருக்காரு!" என்றார் ஜாபர்.

தண்ணீர் வற்றிய நேரம். பட்டுப் புடவைகளைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள்தான் முதலில் சேற்றில் இறங்கினார்கள். மாப்பிள்ளை முட்டி வரை புதைந்துவிட, புதுப்பெண் கைகொடுத்து இழுத்தாள். ஒரே விசில்! கடலூர் சம்பந்தி...? தன் கன்றைக் கார் பின்சீட்டில் வைத்து, சீட் பெல்ட் போட்டு அழைத்து வந்திருந்தார்.

காடு வளர்ப்பு, பருவநிலை மாற்றம் என்றாலே மைக் பிடித்துப் பேசும் சமாச்சாரம் என்று இருந்தேன். நம்மைச் சேற்றில் இறக்க ஒரு தட்டு பிரியாணி போதுமாயிருக்கிறது! அன்றைக்குச் சாப்பிட்டது போல் நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை.

நேற்று ஜாபர் போன் செய்தார்.

"மச்சான், புது எல வுட்டுருக்கு! முக்காவாசி புடிச்சிக்கிச்சு!" பேரன் பிறந்த மாதிரி ஒரு குரல்.

போய்ப் பார்த்துவிட்டு வந்து அவருக்குச் சேதி சொன்னது யார் தெரியுமா? சாட்சாத் அந்தச் சட்னி சம்பந்திதான். வாரா வாரம் கடலூரிலிருந்து கிளம்பிவிடுகிறாராம் - தன் கன்று மற்றவர்கள் கன்றைவிட உயரமாக இருக்கிறதா என்று பார்க்க!