அண்ணியின் ஐந்து வாட்

"அசையாதீங்க. மூச்சை அடக்குங்க," என்றார் அண்ணி. நான் அடக்கிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் சொன்னது மேசைமேல் கிடந்த பலகையிடம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, குக்கர் முன்னால் நின்றால்கூட வாயில் அதுதான் வருகிறது. பலகை அசையவில்லை. இருமியது நான்தான்.

மூக்குக்கண்ணாடிக்கு மேலே இன்னொரு பச்சைக் கண்ணாடி மாட்டியிருந்தார். மேசையில் நான்கு கம்பிகளால் ஆன ஒரு சட்டம். அதில் தொங்கிய சின்னப் பெட்டி அங்குமிங்கும் ஊர்ந்து, நீலப் பொட்டு ஒன்றால் மரத்தைக் கருக்கிக்கொண்டிருந்தது. ஐந்து வாட் லேசர். "நம்ம பாத்ரூம் பல்பே ஒம்போது வாட் தம்பி," என்று அவரே சொல்லிவிடுவார், நாம் சொல்வதற்கு முன்னால்.

லேசர் வந்தது அண்ணனுக்காக. அண்ணன் மரச்சாமான் கடையில் விற்பனையாளர். நாற்காலி வாங்க வந்தவரைக் கட்டிலோடு அனுப்பிவைக்கும் வாய். பக்கவாதம் வந்து வலது கையையும் அந்த வாயையும் ஒரே நாளில் கொண்டுபோய்விட்டது. "கேட்டாப் புரியும், படிக்கவும் செய்வார். சொல்லத்தான் வராது," என்றார் டாக்டர். பேச்சுப் பயிற்சிக்காரம்மா வார்த்தை எழுதிய அட்டைகள் கொடுத்தார். மின்விசிறி போட்டால் 'பசி' கட்டிலுக்கடியில் போய்விடும். அண்ணனின் இடது கைக்கு மெல்லிய அட்டை பிடிபடவும் இல்லை. நாலைந்து முறை தவறவிட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் எதையுமே கேட்கவில்லை.

எனவே தடிமனான மர வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை. "ஆசாரிகிட்ட குடுத்தா அரை மணி நேரத்துல அறுத்துத் தருவாருன்னு சொல்லாதீங்க. அது எனக்கே தெரியும். தெரிஞ்சும் வாங்கியிருக்கேன்ல, அதான் என் அறிவு."

மெல்லிய பலகையை லேசர் வெட்டத்தான் செய்தது. ஒரே கோட்டின் மேல் நாலைந்து தடவை பொறுமையாகப் போய், கருகல் வாசனையோடு, வெட்டியது. ஆனால் அந்த வில்லை அட்டையைப் போலவே அண்ணன் விரலிலிருந்து நழுவியது. தடிமனான பலகையிலோ வாய்க்கால்தான் விழுந்தது, வழி திறக்கவில்லை. "பொட்டி மேல 'மரம் வெட்டும்'னு போட்டிருக்கான். எந்த மரம்னு போடல. நானும் கேக்கல. எலும்பு வரைக்கும் பாக்குற ஆளு தம்பி நான், இத்தனூண்டு பலகையைத் தாண்ட முடியல!"

புகையை ஊதித் தள்ளினால் வெட்டு ஆழமாக இறங்கும் என்று யாரோ சொல்ல, மீன் தொட்டி மோட்டார் ஒன்று வந்தது. அதன் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் பொறுப்பு. பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற மரியாதைக்கு இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பதவி அது. ஒருமுறை ஓரம் லேசாகத் தீப்பிடித்தது. நான் பதற்றத்தில் தீயின் பக்கமே காற்றை ஊதினேன். ஈரத்துணியைப் போட்டு அணைத்த அண்ணி, "நீங்க எழுதவே போங்க தம்பி," என்றார்.

அன்றைக்கு எல்லா வார்த்தைகளையும் ஒரே பலகையில் வரிசையாகப் பொறித்துவிட்டு, அவற்றைப் பிரிக்கும் கோடுகளை வெட்டத் தொடங்கினார். மாலைவரை ஓடியது. இயந்திரத்தை நிறுத்தி, வெட்டுக்கோட்டில் கையை வைத்து அழுத்தினார். அசையவில்லை. முழங்காலில் வைத்து மடக்கினார். வலித்தது முழங்காலுக்குத்தான்.

அவ்வளவுதான், தன்னையே திட்டிக்கொள்ளத் தொடங்கினார். "யாராவது இப்பிடிப் பண்ணுவாளா? வேலைக்கு லீவு போட்டு, வீடு பூரா புகை போட்டு, மனுஷனை இருமவச்சு... மடச்சி, நான் ஒரு முழு மடச்சி..." சிரித்துக்கொண்டே தொடங்கியவர் குரல் உடைந்துபோயிற்று. நான் குழாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது. அண்ணன் வந்து, மேசையைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பலகையை இடது கையால் தன் பக்கம் இழுத்தார். கனமான பலகை, நகர்ந்ததே தவிர நழுவவில்லை. பொறித்த பள்ளங்களில் கட்டைவிரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே இறங்கினார். தண்ணி. பசி. வலி. ஃபேன். கடைசி வரியில் நிறுத்தி, அண்ணியைப் பார்த்தபடி இரண்டு முறை தட்டினார்.

'சும்மா இரு.'

கல்யாணமான நாளிலிருந்து அவர் அண்ணியிடம் அதிகம் சொன்ன வார்த்தை அது. விளையாட்டுக்காகச் சேர்த்திருந்தார் அண்ணி.

அண்ணி வாயடைத்துப்போனார். நான் பார்த்து அதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாக, "வெட்டவே வேண்டாமே தம்பி," என்றார். "ஒரே பலகை. வேணுங்கிறதைத் தொட்டாப் போதுமே. இது ஏன் எனக்குத் தோணல?"

"எனக்கும்தான் தோணல அண்ணி."

"உங்களை யாரு கேட்டா?"

அண்ணனின் விரல் மேலே ஏறி 'தண்ணி'யில் நின்றது. அண்ணி ஓடினார், பாதியைத் தரையில் சிந்திக்கொண்டு மீதியைக் கொண்டுவந்தார். அண்ணன் குடித்து முடிக்கும்வரை முந்தானையைக் கண்ணில் ஒற்றியபடி நின்றிருந்தார்.

டம்ளரை வாங்க அண்ணி குனிந்தபோது, கரியேறிய கட்டைவிரலை அண்ணன் மெல்ல உயர்த்தி, அவர் மூக்கு நுனியில் ஒரு கரிக்கோடு இழுத்தார்.