இருபத்தெட்டாம் நாள்

அன்று மேடையில் துணைவேந்தர் இருந்தார். பக்கத்தில் டீன் சார். அவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி. கீழே முதல் வரிசையில் ஆபீஸ் சூப்பரின்டெண்டன்ட் அம்மா. பின்னால் வாத்தியார்கள், பிள்ளைகள். கதவோரம் மாலைகளை வைத்துக்கொண்டு நான்.

டீன் சார் ரிட்டையர் ஆகிற நாள். மைக்கில் சொன்னார்: "என் டாக்டர் பட்டத்துக்கு ஒவ்வொரு க்யூபையும் என் கையால உடைச்சேன்." கை தட்டினார்கள். என் கையில் மாலை இருந்தது.

க்யூப் என்றால் கான்கிரீட் கட்டி. இரும்பு அச்சில் வார்த்து, மறுநாள் கழற்றி, தொட்டித் தண்ணீரில் போட வேண்டும். சரியாக இருபத்தெட்டாம் நாள் எடுத்து மிஷினில் வைத்து உடைக்க வேண்டும். எத்தனை பாரம் தாங்கியது என்று நோட்டில் எழுத வேண்டும். ஒரு நாள் தள்ளினால் அந்தக் கணக்கு செல்லாது. க்யூபுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

டீன் சார் லெக்சரராக இருந்தபோது, க்யூப் உடைக்கிற லேபில் சேர்ந்தேன். அவர் புரொபசர் ஆனார், டீன் ஆனார். நான் அவுட்சோர்சிங்கிலேயே இருந்தேன். சித்தூரிலிருந்து பாகாலா வழியாகத் திருப்பதிக்கு தினம் ரயில். இருபத்திரண்டு வருடம். படிப்பு மூன்றாவதோடு சரி. எண்கள் எழுத வரும். அது போதுமாக இருந்தது.

என்னைப் பெத்த நைனா செத்து, காரியம் நடக்கிற நாளில் சார் போன் செய்தார்.

"இன்னிக்கு ஆறு க்யூப் இருக்குதேப்பா."

"மொட்ட அடிச்சிக்கினு ஒக்காந்துகினு இருக்கேன் சார்."

"நாளைக்கு உடைச்சா இருபத்தொன்பது ஆயிடும்பா."

மத்தியானம் ரயில் ஏறினேன். ஆறையும் உடைத்தேன்.

விழாவுக்கு ஆறு மாதம் முன்பு ஒரு ஆர்டர் வந்திருந்தது. லேபில் மிஷின் ஓட்டுகிறவர்களை ரெகுலர் ஆக்குவார்கள். பெருக்குகிறவர்களை காண்ட்ராக்டரிடம் விட்டுவிடுவார்கள். மிஷின் ஓட்டினான் என்று டீன் எழுதித் தர வேண்டும். ஆறு மாதமும் கேட்டுக்கொண்டே இருந்தேன். "தரேன்பா, தரேன்பா" என்றார்.

விழா முடிந்ததும் சார் ஒரு கவரை என் கையில் கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் வராது. சூப்பரின்டெண்டன்ட் அம்மாவிடம் காட்டினேன்.

"ஏமண்ணா, உன்ன ரொம்ப நல்லவன்னு எழுதிகிறாரு."

"அப்புறம்?"

"லேப் பெருக்குவான். தொட்டிக்கு தண்ணி ரொப்புவான்."

"மிஷினு?"

அந்தம்மா பேப்பரைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"நல்லவனுக்கு எதுக்கண்ணா மிஷினு?" என்று சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

சார் கார்கிட்டே ஓடினேன். சால்வைகள் பின் சீட்டில் இருந்தன. அவர் மனைவி ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"சார், ஒரு லைன். மிஷின் ஓட்டுனான்னு."

"இப்பதானே மேடையில சொன்னேன், கேட்டல்ல? நீ ஓட்டுனன்னு எழுதினா என் பட்டம் இன்னாப்பா ஆவறது?"

"எனக்கு வேல போயிடும் சார்."

"காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

கதவைச் சாத்தினார். மாலை ஒன்று கதவில் மாட்டிக்கொண்டது. திறந்து அதை உள்ளே தள்ளி, திரும்ப நான்தான் சாத்தினேன்.

அடுத்த மாதம் ரெகுலர் லிஸ்ட் வந்தது. என் பெயர் இல்லை. இன்று துடைப்பம் காண்ட்ராக்டருடையது, வேலை அதே லேபில்தான். மிஷினுக்குப் புதுப் பையன் வந்திருக்கிறான். டிப்ளமா. க்யூபைத் தாங்குகிற மிஷின் தட்டை முதலில் துடைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

பழைய நோட்டுகளைப் பரணில் போடச் சொன்னார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சார் கையெழுத்து. மேலே உள்ள எண்களெல்லாம் நான் எழுதியவை. ஏழுக்கு நான் குறுக்கே கோடு போடுவேன், அவர் போட மாட்டார். பரணில் போடும் முன் நாலு சாயந்திரம் உட்கார்ந்து, நான் உடைத்த க்யூபுகளை எண்ணினேன்.

பதினோராயிரத்து நானூற்று ஆறு.