கணவாயில் காத்திருந்த நாள்

இத்தாலியின் பலெர்மோ நகரத்துப் பல்லரோ சந்தையில் மீன்காரர்கள் பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு வியாழன் பின்னேரம், அக்கா ஒரு பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நிறம் உரிந்த ஆண்கள் சைக்கிள். பக்கத்து அல்பெர்கேரியா பகுதியில் நாங்கள் இருந்த அறை மூன்றாம் மாடியில். அவர் அதைத் தோளில் தூக்கிப் படியேறி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நான்கு நாட்களுக்கு முன்னர் நடந்தது எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசிக் கடையில் அவர் பேசும்போது நான் பக்கத்தில் நின்றேன். மறுமுனையில் சுவிசிலிருந்து ஏழு வயது மகள். "நீங்கள் ஆர் கதைக்கிறது?" என்று பிள்ளை கேட்டது எனக்கும் கேட்டது. அக்கா ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு வெளியே வந்து, சந்தையின் கடைசி மட்டும் நடந்தார்.

அவர் என் கூடப்பிறந்தவர் அல்ல. ஒரே அறை, ஒரே அடுப்பு, நான்கு வருடம். எனக்குக் காய்ச்சல் வந்தால் தன் வேலைவீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்து இருப்பார். கணவர் முதலில் சுவிசுக்குப் போய்விட்டார். பிறகு அக்காவும் மூன்று வயதுப் பிள்ளையும் புறப்பட்டார்கள். வழியில், ஆட்களை எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் பிள்ளையை வேறொரு குடும்பத்தோடு சேர்த்து அனுப்பினான். பிள்ளை தகப்பனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அக்கா இத்தாலியோடு நின்றுவிட்டார். கணவரின் அகதி வழக்கு முடியவில்லை, அவர் அந்த நாட்டை விட்டு வெளியே வரமுடியாது. அக்காவிடம் இத்தாலியில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோ இருந்தது. ஆனால் சுவிஸ் விசாவுக்கு இரண்டு முறை கேட்டும் இல்லையென்றுவிட்டார்கள்.

விசா இல்லாமல் எல்லையைக் கடக்கும் வழி என் பக்கத்திலிருந்துதான் வந்தது. நான் வேலை செய்த வீட்டு அம்மா, சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன், வடக்கே ஆல்ப்ஸ் மலைக்காரர், பலெர்மோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஒவ்வொரு ஓகஸ்டிலும் தாய்வீட்டுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். அந்த ஊரின் பின்னால் ஏறும் தெரு ஒரு கணவாயைக் கடந்து சுவிசில் இறங்குகிறது என்றும், வண்டிகள் எல்லாம் வேறு சுரங்கப் பாதையால் போவதால் அதில் ஒருவரும் வருவதில்லை என்றும் நான்தான் எப்போதோ கதையோடு கதையாக அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் சைக்கிளிலேயே வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடம், ரியூஷன், கோயில், செத்தவீடு எல்லாம் சைக்கிளில்தான். ஆனால் அங்கே ஏற்றம் என்று ஒன்று கிடையாது. அதனால் வியாழன் பின்னேரங்களிலும் ஞாயிறுகளிலும் எங்களுக்கு ஓய்வு கிடைத்தபோது நகரத்தை ஒட்டிய மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்குப் போனோம். மலைமேல் புனிதையின் குகைக் கோயிலுக்கு எங்கள் சனம் நேர்த்தி வைத்து நடந்து ஏறும் அதே தெரு. நான் சீசா என்ற பகுதியில் இருந்த ஒரு மொரீசியஸ்காரப் பெண்ணிடம் இரவல் சைக்கிள் வாங்கிக்கொண்டேன். முதல் நாள் மூன்றாவது வளைவிலேயே இறங்கி உருட்டினோம். இறங்கி நின்ற எனக்கு அக்கா சொன்னது இப்போதும் நினைவில் இருக்கிறது: "மலை எண்டு நினையாதை. சோழகக் காத்து அடிக்கேக்கை எதிர்க்காத்திலை உழக்கிறம் எண்டு நினை." ஜூலை முடிவதற்குள் இருவரும் கால் ஊன்றாமல் கோயில் வரை ஏறப் பழகியிருந்தோம்.

ஓகஸ்டில் அக்காவின் வேலைவீட்டார் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். அவர் இரண்டு நாள் ரயிலில் சின்யோராவின் தாய்வீட்டுக்கு வந்து என்னோடு தங்கினார். என் அக்கா என்று சின்யோராவிடம் சொன்னேன். அவர் என் முகத்தையும் அக்காவின் முகத்தையும் பார்த்தார், மேலே எதுவும் கேட்கவில்லை. அந்த வீட்டுக் கொட்டிலில் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஒன்று சின்யோராவின் தாயுடையது. மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது சின்யோரா கணவரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர், சுற்றிவளைத்துச் சொன்னார், கணவாயில் சுங்கக்காரர் எட்டு மணிக்கு முன்னர் வருவதே இல்லையாம், அவருக்கு நல்ல நித்திரையாம். பிறகு எழுந்துபோய் இரண்டு தடித்த மேற்சட்டைகளைக் கொண்டுவந்து கதிரையில் போட்டார். "மேலே குளிரும்" என்றார்.

விடிவதற்கு முன்னர் புறப்பட்டோம். கீழே தேவதாரு மரங்களுக்கு நடுவே தெரு மடிந்து மடிந்து ஏறியது. கூடக் கதைத்தால் மூச்சுப் போய்விடும் என்று இருவரும் கதைக்கவில்லை. சங்கிலி சுற்றும் சத்தமும் எங்கள் மூச்சும்தான். மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமல் போயின. அதற்கு மேலே புல்லும் கல்லும். எங்கோ மாடுகளின் மணிச்சத்தம், ஆட்கள் இல்லை. வெயில் எதிர்மலையின் உச்சியில் பட்டு இறங்கி வந்தது. எங்கள் பக்கம் வர வெகுநேரம் எடுத்தது. ஒரு வளைவில் என் கால் பிடித்துக்கொண்டது. அக்கா இறங்கி, தெருவில் முழந்தாளிட்டு என் காலை உருவிவிட்டார். அந்த அவசரத்திலும் அவர் கை நிதானமாகத்தான் இருந்தது.

மூன்றரை மணி நேரத்தில் உச்சிக்கு வந்தோம். ஒரு சாம்பல்நிறக் குளம், பூட்டிய சத்திரம், தெருவோரம் சுங்கக் குடில். தடைக்கம்பம் மேலே தூக்கியபடி நின்றது. ஏழரை மணி. நான் அதற்கு அப்பால் போகவில்லை.

தான் மறுபக்கம் கீழே இருக்கும் சுவிஸ் ஊருக்குப் போவதாகவும், அங்கே கணவர் பிள்ளையோடு நிற்பார் என்றும், பார்த்துவிட்டுத் திரும்பி ஏறுவதாகவும் அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தார். திரும்பாவிட்டால் பெர்மெஸ்ஸோவும் வேலையும் போய்விடும்; அங்கேயிருந்தும் திருப்பி அனுப்பினால் எங்கே போவது? எல்லாம் பலமுறை கதைத்ததுதான். அவர் கம்பத்தடியில் நின்று சேலைக்குக் குத்தும் ஊசியால் மேற்சட்டையின் கழுத்தைக் குத்திக்கொண்டார்.

"பன்னிரண்டு மணி மட்டும் நில்லு. அதுக்குப் பிறகு நிக்காதை" என்றார். பிறகு, "போட்டு வாறன்."

வீட்டைவிட்டு வெளிக்கிடுகிற எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வதுதான் அது. திரும்ப மாட்டேன் என்று தெரிந்தவர்களும் அதையேதான் சொல்வார்கள். அவர் எந்த மாதிரிச் சொன்னார் என்று முகத்தைப் பார்த்து அறிவதற்குள் வளைவில் மறைந்துவிட்டார்.

எட்டு மணிக்குச் சுங்கக்காரர் வந்தார். நரைத்த, சோம்பலான மனிதர். யாருக்காகவாவது காத்திருக்கிறாயா என்று கேட்டார். நான் தனியாகத்தான் இருக்கிறேன் என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. அவர் என் பெர்மெஸ்ஸோவைப் பார்த்துத் திருப்பித் தந்து, போத்தலிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தார்.

குளத்தின் கரையில் ஒரு கல்லில் இருந்தேன். பன்னிரண்டு ஆனது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை: அவர் திரும்பி வரவேண்டும் என்று கும்பிட்டேன். ஒரு தாய் பிள்ளையை விட்டு மறுபடி மலையேறி வரவேண்டும் என்று, நல்லூரானையும் பெல்லெக்ரீனோ மலைப் புனிதையையும் சேர்த்துக் கும்பிட்டேன். அந்த அறையில் தனியாக இருப்பதை நினைத்துப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. மூன்று மணிக்கு முகில் இறங்கிக் குளத்தை மூடியது. தெருவில் ஏதாவது அசைந்தால் எழுந்து நின்றேன். ஒருமுறை மாடு. ஒருமுறை ஒன்றுமேயில்லை. ஆறு மணிக்குச் சுங்கக்காரர் குடிலைப் பூட்டிவிட்டு, மழை வருகிறது, இறங்கு மகளே என்றார். ஏற மூன்றரை மணி நேரம் எடுத்த தெரு, இறங்க முக்கால் மணி நேரந்தான் எடுத்தது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல்கள் விறைத்துப்போயின.

சின்யோரா வாசலில் நின்றார். ஒரு சைக்கிளை மட்டும் கண்டார். உள்ளே போய் மேசையிலிருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்துத் திரும்ப அலுமாரியில் வைத்தார். அடுத்த நாள் நான் சைக்கிளுக்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்க, "அது பழசு" என்று மட்டும் சொன்னார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அக்கா சுவிசில் அகதியாகப் பதிந்துவிட்டார். கண்டதும் பிள்ளை தகப்பனுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டதாம். நான் பலெர்மோவில் பலநாள் இரண்டு பேருக்குச் சோறு போட்டுவிட்டுப் பிறகு அள்ளி வைத்தேன். கட்டிலின் பாதியில்தான் படுத்தேன். கடிதங்கள் மாதத்துக்கு ஒன்றாகி, வருசத்துக்கு ஒன்றாகி, பிறகு தைப்பொங்கலுக்கு ஒரு தொலைபேசி அழைப்பாகின. அவருக்கும் வழக்கு, வேலை, பிறகு இன்னொரு பிள்ளை.

போன வருடம் அக்கா குடும்பத்தோடு பலெர்மோவுக்கு விமானத்தில் வந்தார், கையில் சிவப்புச் சுவிஸ் பாஸ்போட்டோடு. மூத்த மகளுக்கு இப்போது அன்று அக்காவுக்கு இருந்த வயதைவிடக் கூட இருக்கும். சீசாவில் என் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. எல்லாரும் மரியாதையாகக் கதைத்தோம். சாப்பிட்டபின் நான் வேண்டாம் என்றும் கேளாமல் அக்கா தட்டுக் கழுவ வந்தார். குழாயடியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

"அண்டைக்கு எத்தினை மணி மட்டும் நிண்டனீ?" என்று தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"பன்னிரண்டுக்கே வெளிக்கிட்டிட்டன் அக்கா. நீங்கள் சொன்னனீங்கள்தானே."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "பிள்ளை என்ரை சட்டையைப் பிடிச்சபடி நித்திரையாப் போட்டாள். விரலைக் கழட்ட எனக்கு மனம் வரேல்லை. மேலை நீ நிக்கிறியோ, மழையிலை நனையிறியோ எண்டு... இவ்வளவு காலமும் கேக்கப் பயந்து இருந்தனான்."

"மழைக்கு முன்னம் வீட்டை வந்திட்டன்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அடுத்த தட்டை எடுத்துத் துடைத்தேன். அவருடைய தோள்கள் மெல்லத் தளர்வது தெரிந்தது. பிறகு, உனக்கு அந்தக் கால்பிடிப்பு இப்பவும் வாறதோ என்று கேட்டார். குளிர்காலத்தில் வரும் என்றேன். ஈரக் கையோடு குனிந்து, முப்பது வருடத்துக்கு முன்னர் போலவே, என் காலைத் தொட்டுப் பார்த்தார்.