வெளியாள் உதவி கூடாது

பல்லக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது நீச்சல் குளத்து ஆட்கள். புதிதாகக் கேட்கிறவர்கள் உடனே அவள் பல்லைப் பார்ப்பார்கள். அதில் குறையும் இருக்காது, விசேஷமும் இருக்காது. பல்செட் செய்வது அவள் தொழில், அவ்வளவுதான். ஜன்னலில்லாத ஒரு லேபில் உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கு மேலாக ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறாள். டாக்டர்களிடமிருந்து அச்சு வரும். பிளாஸ்டர் ஊற்றி அந்த வாயை வார்த்தெடுத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக உட்கார வைத்து, பிறகு மெழுகைக் கொதிநீரில் கழுவிவிட்டு அக்ரிலிக் அடைத்து, வேகவைத்து, ராவி, மெருகேற்றி டப்பாவில் போட்டு அனுப்புவாள். அதை மாட்டிக்கொண்டு யார் சிரித்தார்கள், யார் எதைக் கடித்தார்கள் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. "மேல்வரிசை கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று போன் வந்தால்தான் அந்தப் பக்கம் ஒரு ஆள் இருப்பதே தெரியும். நன்றாக அமைந்துவிட்டால் போனே வராது.

குனிந்தே உட்கார்ந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் நீந்தச் சொன்னார். நாற்பது வயதுக்கு மேல் சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து தண்ணீரில் குமிழி விடப் பழகினாள். மகன் வேலைக்கு வெளியூர் போனபோது அவன் சைக்கிள் மாடிப்படி அடியில் தூசி அடைந்து கிடந்தது. விற்க மனசு வரவில்லை, சும்மா கிடக்கவிடவும் மனசு வரவில்லை, எடுத்து ஓட்டிவிட்டாள். ஓட்டம் அதற்கப்புறம் வந்தது. நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, மூன்றையும் ஒரே நாளில் இடைவிடாமல் செய்கிற போட்டி ஒன்று இருக்கிறது என்று குளத்தில் யாரோ சொன்னார்கள். அது பைத்தியக்காரத்தனமாகத்தான் அவளுக்கும் பட்டது. பட்டும், விடவில்லை.

கணவருக்கு ஏசி ரிப்பேர் வேலை. பகலெல்லாம் யார் வீட்டு மொட்டை மாடியிலாவது வெயிலில் வெந்து, அடுத்தவர் அறையைக் குளிர வைப்பவர். வீட்டுக்கு வந்தால் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து டிவி பார்ப்பார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. தெருவில் அவர் வாய்க்கென்றே நாலு பேர் நிற்பார்கள்.

"எங்க வீட்டம்மா தினமும் விடியறதுக்குள்ள ஓடிப்போயிடுறாங்கப்பா" என்பார். "ஆனா பாரு, எட்டு மணிக்கெல்லாம் திரும்பி வந்துடுறாங்க. எனக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்ல."

நாலு பேரும் சிரிப்பார்கள். அவளும் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து சிரித்ததுண்டு. ஆனால் எவ்வளவு தூரம் ஓடுகிறாய், எதற்காக ஓடுகிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காதவரிடம் எப்படிச் சொல்வது என்று அவளும் சொன்னதில்லை. மகன் போன பிறகு அந்த வீட்டில் பேச்சு என்பது கேஸ் தீர்ந்துவிட்டது, மோட்டார் போடவேண்டும் என்கிற அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது.

போன வருஷம் முதல்முறையாகப் போட்டிக்குப் போனாள். நீச்சலை முடித்துவிட்டாள். சைக்கிளில் எதிர்காற்று ஆளைப் பிடித்துத் தள்ளியது. நேரம் முடிந்தவர்களை அள்ளிப் போடுவதற்கென்றே பின்னால் ஒரு வேன் வரும். அது அவள் பக்கத்தில் வந்து மெதுவாக நின்றது. வேனுக்குள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் வீட்டுக்குப் போன் போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். அவள் சைக்கிள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். வீட்டில் அவர், "என்ன, முடிச்சியா?" என்றார். "இல்ல" என்றாள். "சரி, சாப்பிடு" என்றார்.

அந்தச் 'சரி'யில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் அது மீன் முள் மாதிரி எங்கேயோ மாட்டிக்கொண்டது. அடுத்த வாரமே மறுபடியும் பயிற்சியைத் தொடங்கினாள். இந்த முறை முடித்தே ஆகவேண்டும். முடிக்காவிட்டால் சைக்கிளை விற்றுவிடுவது என்று தனக்குள் தீர்மானம் செய்துகொண்டாள். ஐம்பது நெருங்குகிறது. முழங்கால் இப்போதே முணுமுணுக்கிறது. இன்னொரு வருஷம் அது பொறுக்காது.

லேபில் அவளோடு வேலை செய்கிற, அவள் வயதே ஆன தோழி மட்டும்தான் விவரம் கேட்பாள்.

"ஏண்டி, விடியற்காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஓடினா கடைசியில என்ன குடுப்பாங்க?"

"ஒரு பதக்கம்."

"தங்கமா?"

"தகரம்."

"நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடற ஓட்டத்துக்கு இருக்கற பல்லும் போயிடும். இப்பவே உனக்கு ஒரு செட் அச்சு எடுத்து வெச்சுடறேன், இரு."

போட்டிக்கு முந்தின நாள் விதிமுறைக் கூட்டம் நடந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சரம்மா ஒருவர், கழுத்தில் விசில் தொங்க, மைக் இல்லாமலேயே பேசினார். "வெளியாள் உதவி கூடாது. நல்லாக் கேட்டுக்குங்க. அம்மாவா இருந்தாலும் சரி, பொண்டாட்டியா இருந்தாலும் சரி, அவங்க கையால ஒரு மடக்கு தண்ணி வாங்கினாலும் அதோட ஆட்டம் முடிஞ்சது. கூட ஓடி வரக்கூடாது. வழியில நாங்க வெச்சிருக்கற தண்ணி மேஜையில தொண்டர்கள் குடுக்கறதை மட்டும்தான் வாங்கணும்."

சுற்றிலும் இருந்தவர்கள் தங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி கணவனின் விலாவில் இடித்தாள். இந்த விதி நமக்கில்லை என்று பல்லக்கா நினைத்துக்கொண்டாள். மற்ற விதிகளையெல்லாம் மனப்பாடம் செய்தவள், இதை மட்டும் காதோடு விட்டுவிட்டாள்.

இரவு சாப்பிடும்போது, "நாளைக்கு எனக்குப் போட்டி" என்றாள்.

"நாளைக்கா? எனக்கு ஆஸ்பத்திரியில ஏசி நின்னுபோச்சாம், காலையிலயே போகணும்" என்றார். பிறகு, "பார்த்துப் போ" என்றார்.

ஏரித் தண்ணீர் காலையில் கறுப்பாக இருந்தது. ஆட்கள் கும்பலாக இறங்கியதும் ஒருவர் கால் இன்னொருவர் முகத்தில் பட்டது. அவள் ஒதுங்கி ஓரமாக நீந்தினாள். மெதுவாகத்தான், ஆனால் நிற்காமல். சைக்கிளில் இந்த முறை காற்று இரக்கப்பட்டது. வேன் எங்கே எங்கே என்று கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். அது கண்ணில் படவேயில்லை. சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ஓட்டத்துக்கான காலணியை இழுத்துக் கட்டினாள். போன வருஷம் வராத இடத்துக்கு வந்தாயிற்று. இனி ஏரியைச் சுற்றி நாலு சுற்று. இருட்டுவதற்குள் முடித்தால் பதக்கம், முடிக்காவிட்டால் தகரம்கூடக் கிடையாது.

முதல் சுற்று எப்படியோ போனது. இரண்டாவது சுற்றில் வலது பாதத்தில் கொப்புளம் உடைந்தது. முகத்தில் உப்பு பூத்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மற்றவர்களுக்கு வழியெல்லாம் ஆள் நின்றார்கள். "அப்பா, வாங்கப்பா!" என்று யாரோ ஒருத்தி கத்தினாள். அந்தக் கத்தலில் தனக்கும் கொஞ்சம் இருப்பதாக வைத்துக்கொண்டு பல்லக்கா நாலு எட்டு வேகமாக வைத்தாள்.

ஏரியின் பின்பக்கம், பம்ப் ஹவுஸைத் தாண்டிய திருப்பத்தில்தான் அவரைப் பார்த்தாள். வேலைச் சட்டை, மேல் பையில் ஸ்க்ரூடிரைவர், காலில் ரப்பர் செருப்பு. முதலில் இங்கே யாருக்கோ ஏசி ரிப்பேர் போலிருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"பையன் போன் பண்ணான். நீ ஓட்டத்துக்கு வந்துட்டியாமே! போன்ல உன் போட்டி நம்பர் நகர்றது தெரியுதாம் அவனுக்கு. நீங்க எங்கே இருக்கீங்கன்னு என்னைத் திட்டறான்" என்று சொல்லிக்கொண்டே அவர் பக்கத்தில் ஓடி வந்தார். செருப்பு தட் தட்டென்று அடித்தது. "என்னம்மா இது, மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு?"

விசில் அலறியது. திருப்பத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்துவிட்டார். "அண்ணே! கூட ஓடக்கூடாது!"

"நான் எங்கேம்மா ஓடறேன்? நடக்கறேன். ஓடறது அவதான். அதுவே நடக்கற மாதிரிதான் இருக்கு."

சொல்லிக்கொண்டே, பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். பாட்டில் வேர்த்திருந்தது. எந்தக் கடையில் ஐஸ் போட்டு வாங்கினாரோ. அதன் மேல் ஒரு துளி உருண்டு அவர் விரலில் இறங்குவதை அவள் பார்த்தாள். அந்தத் தண்ணீரைவிட, இந்த மனிதர் அதை ஏந்திக்கொண்டு நிற்பதுதான் அவளைப் பிடித்து இழுத்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று அவர் ஓரிடத்துக்கு வந்து நின்றது, பிரசவ வார்டுக்கு அப்புறம் இதுதான்.

"வேண்டாம். போங்க."

"ஒரு மடக்கு குடிச்சுட்டுப் போ."

"போங்கன்னு சொல்றேன்ல!"

அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. வீட்டில் அவள் சத்தம் போட்டதே கிடையாது. அவர் கை நீட்டியபடியே நின்றுவிட்டது. ஏன் வேண்டாம் என்று சொல்ல வாயில் எச்சில் இல்லை, நிற்க நேரமும் இல்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். பார்த்தால் நின்றுவிடுவோம் என்று தெரியும்.

மூன்றாவது சுற்றை அவள் காலால் ஓடியதாக நினைவில்லை. மனசு முழுக்கப் பின்னாலேயே இருந்தது. நல்ல காரியம் செய்தாய், வந்த ஒரே ஆளையும் துரத்திவிட்டாய் என்று தன்னையே பிடுங்கித் தின்றாள். இந்நேரம் பஸ் பிடித்திருப்பார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். நாளைக்குத் தெருவில் இதையும் ஒரு ஜோக்காகச் சொல்வார், அல்லது சொல்லவே மாட்டார். சொல்லாவிட்டால்தான் பயம். ஒருமுறை உண்மையாகவே நின்றாள். வேலியைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வரலாமா என்று யோசித்தாள். பின்னால் வந்த ஒருவர் அவளைத் தாண்டிப் போனார். அவள் மறுபடி காலை எடுத்து வைத்தாள். அழுகை வந்தது. வேர்வையோடு வேர்வையாகப் போய்விட்டது.

பம்ப் ஹவுஸ் திருப்பம் வந்தது. டீச்சர் இருந்தார். கணவர் இல்லை.

"நாங்க என்ன சும்மாவா நிக்கறோம்? வாங்கிட்டுப் போங்க சார்! உப்புத் தண்ணி, இனிப்புத் தண்ணி, வெறும் தண்ணி! காசு கிடையாது!"

சற்றுத் தள்ளியிருந்த தண்ணி மேஜையிலிருந்து அந்தக் குரல் வந்தது. தொண்டர்கள் போடுகிற மஞ்சள் மேலங்கி வேலைச் சட்டைக்கு மேல் இறுகிப் போயிருந்தது. பொத்தான் போட வரவில்லை. இரண்டு கையிலும் காகிதக் கப்புகள். ஓடி வருகிறவர்களோடு கூடவே நாலு எட்டு பின்னோக்கி நடந்து, சிந்தாமல் கொடுக்கப் பழகியிருந்தார்.

அவளைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. மற்றவர்களுக்கு நீட்டியது மாதிரியே ஒரு கப்பை நீட்டினார். "டீச்சரைக் கேட்டுட்டேன். இப்படிக் குடுத்தா தப்பில்லையாம்."

வாங்கிக் குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"கேட்டீங்களா?"

அவர் அடுத்த கப்பை எடுத்தார். "கேக்கல" என்றார். அதற்குள் பின்னால் இன்னொருவர் வந்துவிட, "இதோ வந்துட்டேன் தம்பி" என்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

டீச்சர்தான் அவளுக்குக் கேட்கும்படி மிச்சத்தைச் சொன்னார். "ஆள் பத்தலன்னு நானும் விட்டுட்டேன்க்கா. ஆனா கண்டிஷனா சொல்லிட்டேன். உங்க வீட்டம்மாவுக்கு மட்டும்னா இப்பவே கிளம்புங்க, நின்னா கடைசி ஆள் போற வரைக்கும் நிக்கணும்னு. சரின்னுட்டார்."

கடைசிச் சுற்றில் வெளிச்சம் வற்றிக்கொண்டு வந்தது. மேஜையருகே அவர் யாரோ ஒருவரின் காலைப் பிடித்து நீவிவிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, "நேரம் இருக்கா?" என்றார்.

"தெரியல."

"அப்ப என்ன பேச்சு? போ, போ!"

போனாள். அதற்குப் பிறகு வழியில் யாரும் இல்லை. வேடிக்கை பார்த்தவர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஏரி ஒரு பக்கம், வேலி ஒரு பக்கம், நடுவில் அவள் மூச்சு சத்தம். இத்தனை மாதங்களும் விடியற்காலையில் இப்படித்தான் ஓடியிருக்கிறாள், இது ஒன்றும் புதிதில்லை. ஆனால் இன்றைக்கு அது கனத்தது. பின்னால் ஓரிடத்தில் ஒரு ஆள் இருக்கிறார், அவர் இங்கே இல்லை என்பது, யாருமே இல்லை என்பதைவிட வேறு மாதிரித் தனிமையாக இருந்தது.

முடிவுக் கோட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தாண்டியதும் மைக்கில் அவள் நம்பரை வாசித்தார்கள். ஒரு பெண் கழுத்தில் பதக்கத்தைப் போட்டுவிட்டு, "ஆன்ட்டி, கூட வந்தவங்களைக் கூப்பிடுங்க, போட்டோ எடுத்துடலாம்" என்றாள்.

"அவர் அந்தப் பக்கம் தண்ணி குடுத்துட்டிருக்கார்."

"வரச்சொல்லலாமா? போன் பண்ணட்டுமா?"

"வேண்டாம்மா. எனக்குப் பின்னால இன்னும் ஆள் இருக்காங்க."

தனியாகவே நின்று எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. தடுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்கள். அவள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து காலணியைக் கழற்றி, ஒட்டிக்கொண்ட காலுறையை மெல்ல உரித்தாள். நேரம் கடந்தும் விடாமல் வந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் கோட்டைத் தாண்டி அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். கையில் கசங்கிய காகிதக் கப்.

"பின்னால தண்ணி குடுக்கறாரே ஒருத்தர்," என்றார் மூச்சு வாங்க, "நான் செத்துப் பொழச்சு வரேன், என்னைப் பார்த்து, 'நின்னு நின்னு எனக்குக் கால் போயிடுச்சு சார், ஓடறவங்களுக்கு என்ன'ங்கறார்!"

பல்லக்கா சிரித்துவிட்டாள்.

"உங்களுக்குப் பின்னால யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"ஒருத்தர் இருக்கார். நடந்துதான் வரார், பாவம்."

அவள் தலையாட்டிவிட்டு, இருட்டில் சாலை வளைகிற பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.