பப்பின் தரையில் ஒரு வயலின்

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், லண்டன் ஆர்ச்வேயில் உள்ள ஒரு பப்பில் நடந்தது இது. அயர்லாந்துக்காரர்கள் வாராவாரம் அங்கே கூடி வாசிப்பார்கள். என்னோடு வேலை செய்யும் அயர்லாந்துத் தோழி என்னையும் வரச் சொல்லியிருந்தாள்.

சிறுவயதில் நான் கர்நாடக வயலின் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு தொட்டதே இல்லை. தோழி போனில் அனுப்பிய ஒரு ‘ரீல்’, அதாவது ஆடுவதற்கான வேகமான மெட்டு, என்னை மறுபடியும் வயலின் பெட்டியைத் திறக்க வைத்தது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் பழகினேன்.

பப்புக்குள் போனதும் வாசல் பக்கமே நின்றுவிட்டேன். எல்லாரும் நாற்காலியில் இருந்து, பிடிலைத் தோளில் வைத்து வெளுத்து வாங்குகிறார்கள். எனக்கோ சம்மணமிட்டு இருந்தால்தான் வில் ஓடும்.

“இஞ்சாருங்கோ, எனக்கு ஏலாது. போவம்,” என்றேன் கூட வந்த கணவரிடம்.

“பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தது நான். நீர் வாசிச்சால்தான் போறது,” என்றார் அவர்.

நான் தரையில் இருந்துதான் வாசிப்பேன் என்று தோழி அவர்களிடம் சொன்னாள். உடனே ஒருவர் மேசையை இழுத்து இடம் பண்ணினார். பிடில் வாசித்துக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண் தன் நல்ல கோட்டை எடுத்துத் தரையில் விரித்தாள். அதில் அமர்ந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றி, ரீலைத் தொடங்கினேன். முதல் பாதி ஜோராகப் போனது. இரண்டாம் பாதியில் மனம் வெறுமையாகிவிட்டது. வில் நின்றே போனது.

ஆனால் மெட்டு நிற்கவில்லை! நான் விட்ட இடத்திலேயே அந்தப் பெண் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களும் சேர்ந்தார்கள். அவள் வாசித்தபடியே என் பக்கம் குனிந்து, “பயப்படாதே, இது திரும்பவும் வரும். வரும்போது ஏறிக்கொள்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

உண்மைதான். ரீல் ஒரு தடவையோடு முடிவதில்லை. சுற்றிச் சுற்றி வரும். அடுத்த சுற்றில் தொற்றிக்கொண்டேன். அதற்கடுத்த சுற்றில், தொலைந்த இரண்டாம் பாதி தானாக விரலுக்கு வந்தது. கூடவே கேட்காமலே ஒரு கர்நாடக இசைக் கமகமும் வந்து விழ, மூலையிலிருந்து யாரோ “ஹூ!” என்று கூவினார்கள். கோயில் பஜனையில்கூடக் கை தட்டாத என் கணவர் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

இப்போது வேலையில் புதிதாகச் சேர்ந்த யாராவது திணறி நின்றால், நான் நிறுத்தித் திருத்துவதில்லை. அவர்கள் வந்து ஏறிக்கொள்ளும்வரை பக்கத்தில் நின்று வேலையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.